அப்பன் நடை

எங்கள் தெருவில் என் தங்கைக்கு நோய் என்று யாரும் சொன்னதில்லை. "அப்பன் நடை" என்றுதான் சொன்னார்கள். அவள் நடக்க ஆரம்பித்த நாள் முதல் தாவணி போடும் வயது வரைக்கும் அந்த ஒரு பேச்சே தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் யாரும் துருவிக் கேட்கவில்லை. பிற்பாடு நான் மருத்துவக் கல்லூரியில் வேலைக்குப் போய், மூளையை மெல்லிய சீவல்களாகச் சீவக் கற்றுக்கொண்ட பிறகு, அந்தப் பேச்சு எங்கள் தெருவை விட்டுப் போனது. நல்லதற்குத்தான் போனது என்று இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன். வாதாடி ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மனசு ஆறுவதில்லை.

ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது அந்தத் தெரு. நாங்கள் அங்கே பழைய குடி இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது அம்மா பிள்ளைத்தாய்ச்சி. என்னையும் இழுத்துக்கொண்டு அரக்கோணத்துப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். போன இடத்தில் மாதம் நிறைவதற்குள் தங்கை பிறந்தாள். பிறந்த கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு, பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிழைத்தாள். பயம் தெளிந்து ஊர் திரும்பினால் எங்கள் பழைய வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அதனால் இந்தத் தெருவுக்கு வந்தோம். எங்கள் முன்கதை இங்கே யாருக்கும் தெரியாது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் ஒரு கம்பெனி லாஞ்சில் சுக்கானி, அதாவது சக்கரம் பிடிப்பவர். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டு அழைத்து வரும் சின்னப் படகு அது. அவருக்கு மேலே சாரங்கு என்று ஒருவர் உண்டு. படகும் படகில் உள்ள ஆட்களும் அவர் பொறுப்பு. கம்பெனிக்குப் பெரிய இழுவைப் படகு ஒன்று இருந்தது. என்றாவது அதற்குச் சாரங்காக வேண்டும் என்பது நைனாவின் ஆசை. அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்ட ஆசை அது ஒன்றுதான்.

தங்கை உட்காரவே நாளாயிற்று. நடைவண்டி வாங்கிக் கொடுத்தால் அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாளே தவிரத் தள்ளமாட்டாள். மூன்று வயது நெருங்கும்போது ஒரு நாள் காலையில் திடீரென்று எழுந்து நின்றாள். கால்களை அகட்டி வைத்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்து, இப்படியும் அப்படியும் ஆடியபடியே தெருவில் இறங்கி எதிர்வாடை வரைக்கும் போய்விட்டாள். எதிர்வாடையில் ஆப்பக்கடை அத்தை இருந்தாள். உறவு அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. வாசலில் அடுப்பு மூட்டி ஆப்பம் சுட்டு விற்பாள். ஆப்பத்தோடு தெருவில் உள்ள அத்தனை பேர் சமாச்சாரமும் அங்கேதான் வேகும்.

"தோ பாருங்கடி! லாஞ்சுக்காரரு பொண்ணு நடக்கற நடயப் பாருங்க! அப்டியே அப்பன் நட! தரைல போவும்போதே அலைமேல போற மாரி கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். படகில் கிடப்பவர்களுக்குக் கரையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ராயபுரத்தில் அது ஒரு அதிசயமும் இல்லை. நைனாவுக்கும் அந்த மாதிரி லேசாக ஒன்று இருந்திருக்கலாம். அவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அப்படியே நின்று மகளைப் பார்த்தார். பிறகு, "என் ரத்தமாச்சே, வேற எப்டி நடக்கும்?" என்றார். அன்றைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் செலவில் ஆப்பம்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அப்பாவும் மகளும் கைகோத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவது தெருவுக்கு ஒரு காட்சி. இரண்டு பேரும் ஆடி ஆடிப் போவார்கள். "தோ, ரெண்டு படகும் கெளம்பிடுச்சி" என்பாள் அத்தை. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். தங்கை தடுமாறி விழுந்தால், "கடல்காரர் பெண்ணுக்குத் தரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று டீச்சரம்மாவே கிண்டல் செய்வார். தம்ளரை எடுக்கக் கை நீட்டினால் தம்ளர் கிட்டே போகப் போகக் கை நடுங்கும். பேச்சு இழுத்து இழுத்து, விட்டு விட்டு வரும். அதையெல்லாமும் தெரு அந்த ஒரே கணக்கில் சேர்த்துவிட்டது. பிள்ளைகள் "சின்ன சுக்கானி" என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமை.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் லாஞ்சுக்கு வாழைக்கன்று கட்டி, பூ சுற்றி, வேலைக்காரர்களின் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு ஒற்றைப் பலகை போட்டிருக்கும். கீழே எண்ணெய் மிதக்கும் தண்ணீர். அம்மா பலகையைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேர் கையைப் பிடித்துப் போவாள். நைனா தங்கையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் பொரிகடலைத் தட்டோடு போய்ச் சேர்வார். எனக்குப் படகில் ஏறியதும் குமட்டும். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவேன். அதனால் அந்தப் பலகையில் அவர் எப்படி நடந்தார் என்பதை நான் ஒரு வருஷமும் சரியாகப் பார்க்கவில்லை.

மதுவிலக்கு வந்தது. அதுவரை செல்லமாக இருந்த நடை அன்று முதல் சந்தேகமாகிவிட்டது. பட்டணத்தில் ஆடிக்கொண்டு நடப்பவன் என்றால் போலீஸ்காரனுக்கு ஒரே அர்த்தம்தான். நைனாவைத் தெருமுனையில் நிறுத்தி, "ஊது" என்பார்கள். ஊதுவார். வாடை இருக்காது. போகச் சொல்வார்கள். அடுத்த வாரம் வேறு கான்ஸ்டபிள், மறுபடியும் ஊது. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போடமாட்டார். ஆனால் தினம் ஊதச் சொல்லப்படுகிற ஆளைப் பற்றி ஊர் நினைப்பதை யார் மாற்ற முடியும்? எண்ணூர்ப் பக்கம் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிற இடம் அவருக்குத் தெரியும் என்று கம்பெனியில் யாரோ கிளப்பிவிட்டான்.

இழுவைப் படகின் பழைய சாரங்கு ஓய்வு பெற்ற சமயம் அது. முறைப்படி நைனாவுக்கு வந்திருக்க வேண்டும். அவருக்குக் கீழே வேலை கற்றவனுக்குக் கொடுத்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்றைக்கு அம்மா அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"கட்டிக்கினு வந்தப்ப நேராத்தானே நடந்த? இப்ப இன்னா வந்துது உனக்கு? நாலு பேர் பாக்கறாங்களேன்னு கொஞ்சம் ஒயுங்கா நடந்தா இன்னா கொறஞ்சி போவும்?"

"கடல்ல கெடந்த காலு. இன்னா பண்ணச் சொல்ற?"

"கடல்ல நீ மட்டுந்தான் கெடந்தியா? மத்தவன்லாம் ஆகாசத்துலயா இருந்தான்?"

 தங்கை வாசலில் நின்று, "நைனா, பீச்சுக்கு வரியா?" என்றாள். நைனா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆடிக்கொண்டே போனார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது. தெருவில் அவரோடு சேர்ந்து நடப்பதையே நான் விட்டிருந்தேன். நான் படிக்கிற பெண், எனக்கு மானம் இருந்தது.

படித்து முடித்ததும் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றுப் பிரிவில் வேலை கிடைத்தது. பேராசிரியர் பூனைக்குட்டிகளின் சிறுமூளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். தலைக்குப் பின்னால், பெரிய மூளைக்கு அடியில், மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் சிறுமூளை. பிறந்த அன்று, ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் என்று வெவ்வேறு வயதில் அது எப்படி அமைகிறது என்பது அவர் கேள்வி. மருந்தில் ஊறிய துண்டுகளை மெழுகில் புதைத்துச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டித் தருவது என் வேலை. வெள்ளிச் சாயம் விரல் நுனியைக் கறுப்பாக்கிவிடும், எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. அம்மாவுக்கு அந்த விரலோடு நான் சோறு போடுவது பிடிக்காது.

வெள்ளிச் சாயத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கூட்டமாகக் கிடக்கிற செல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிக்கும். எதைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிடித்ததை முழுசாக, வேர் முதல் நுனி வரைக்கும் கறுப்பாகக் காட்டிவிடும். முதன்முதலில் பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னபோது எனக்கு எங்கள் ஊர்க் கடல்விசிறி ஞாபகம் வந்தது. வலையில் மீனோடு சிக்கி வருமே, தட்டையாக, கிளை கிளையாக, அதேதான். குடுவை மாதிரி ஒரு உடம்பு, அதிலிருந்து மேலே தட்டையாக விரிந்த கிளைகள். பெரிய செல்கள் அவை. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். நாம் கால் எடுத்து வைப்பதும், கை நீட்டித் தம்ளரைப் பிடிப்பதும் சீராக நடப்பது இவற்றின் தயவில்தான் என்றார்.

ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தவை சின்னச் செல்கள். பிறந்த குட்டியின் சிறுமூளையில் அவை எல்லாம் மேற்புறத்தில், தோல் மாதிரி ஒரு அடுக்காக நெருக்கிக்கொண்டு கிடக்கும். அங்கேதான் பெருகும். பெருகிய பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். பெரிய செல்களின் வரிசையைத் தாண்டி, அடியில் போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இறங்கும்போது மேலே ஒரு நூலை விட்டுவிட்டு இறங்கும். அந்த நூல்கள்தான் கடல்விசிறிகளின் ஊடே குறுக்கே ஓடி எல்லாவற்றையும் இணைக்கின்றன. எல்லாம் இறங்கி முடிந்ததும் மேலே இருந்த அடுக்கே காணாமல் போய்விடும். வழி அவற்றுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரிந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன்" என்றார் பேராசிரியர். பல வருஷம் கழித்துத்தான், ஏற்கெனவே கட்டியிருக்கும் இழைகளைப் பிடித்துக்கொண்டு இறங்குகின்றன என்று வெளியானது.

"இதில் பெரும்பகுதி பிறந்த பிறகு நடக்கிறது. மனிதக் குழந்தைக்கும் அப்படியே. அது தவழ்ந்து, நின்று, நடக்கிற காலத்தில்தான் இவை இறங்கி முடிக்கின்றன. நடுவில் ஏதாவது கெடுதல் வந்து இவை அழிந்தால் மறுபடி வராது" என்றார் ஒரு நாள். எனக்கு அன்றைக்கும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது ஒரு பூனைக்குட்டி. குட்டிகளைத் துறைமுகக் கிடங்குகளிலிருந்து கொண்டுவருவார்கள். ஒரு முறை வந்த குட்டிகளில் ஒன்று மற்றவை போல இல்லை. கால்களை அகட்டி வைத்து ஆடி ஆடி நடந்தது. பால் தட்டை நோக்கிப் போகும். மூக்கு தட்டருகே வர வரத் தலை நடுங்கும். மூக்கைப் பாலில் ஒரு முக்கு முக்கி, தட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். கூண்டைச் சுத்தம் செய்கிறவர் சிரித்தார். "தண்ணி போட்ட பூனை மேடம். போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடலாமா?"

நான் சிரிக்கவில்லை. தம்ளர் கிட்டே போகப் போக நடுங்கும் ஒரு கை என் கண்ணில் நின்றது.

அந்தக் குட்டியை ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். அதைத்தான் முக்கியமாக எடுக்க வேண்டும் என்றார் பேராசிரியர், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானே சீவினேன், நானே சாயம் ஏற்றினேன். மற்ற குட்டிகளின் சிறுமூளையில் பாதி அளவுகூட இல்லை. மேல் அடுக்கு காலி. சரி, இறங்கிவிட்டன போலிருக்கிறது என்று கீழே பார்த்தால் கீழேயும் காலி. கடல்விசிறிகள் மட்டும் வரிசை கலைந்து, கிளை குறுகி, வராதவர்களுக்காகக் காத்திருந்து வளைந்துபோனவை போல நின்றன. சாப்பாட்டு வேளையில் நான் வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். தங்கைக்காக அழுதேனா, குட்டிக்காகவா என்று சொல்லத் தெரியவில்லை.

பேராசிரியரிடம் தங்கையைப் பற்றிச் சொன்னேன். அவருடைய நண்பர் ஒருவர் நரம்பு நோய்களில் தேர்ந்த டாக்டர். "அப்பாவுக்கும் இதே நடை என்கிறாயே, அவரையும் கட்டாயம் கூட்டி வா" என்று சொல்லிப் பேராசிரியர் என்னை அவரிடம் அனுப்பினார். நைனா வரமாட்டேன் என்றார். "அவளுக்கு இன்னா கொறை? என்ன மாரிதானே நடக்கறா?" அவளுக்கு வயசு வருகிறது, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்று இருக்கிறது, வைத்தியம் இருந்தால் செய்யலாமே என்று நான்தான் விடாமல் சொன்னேன். கடைசியில் தங்கையே, "போய்ட்டு வந்துடலாம் நைனா" என்றாள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

டாக்டர் பொறுமையான மனுஷர். தங்கையை மூக்கு நுனியைத் தொட்டுவிட்டு அவர் விரலைத் தொடச் சொன்னார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நடக்கச் சொன்னார். அம்மா பட்ட பிரசவம், பிறந்ததும் வந்த காய்ச்சல், எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார். பிறகு நைனாவிடம் திரும்பினார்.

"நீங்க குடிக்கிற பழக்கம் உண்டா?"

"தொட்டதில்ல டாக்டர்."

"இந்த ஆட்டம் எப்போலேர்ந்து?"

நைனா தரையைப் பார்த்தார். டாக்டர் அவர் பயப்படுகிறார் என்று நினைத்துப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். இந்தக் கோளாறு இரண்டு விதமாக வரலாம். பிறந்த சமயத்தில் வந்த கெடுதலால் சிறுமூளை சரியாக அமையாமல் போயிருந்தால், போனது போனதுதான். ஆனால் இதற்குமேல் மோசமாகாது. பழகப் பழகக் கொஞ்சம் தேறக்கூட வழி உண்டு. அப்பாவிடமிருந்து ரத்தத்தில் வந்ததாக இருந்தால் விஷயம் வேறு. வயசு ஏற ஏற முற்றும். கடைசியில் எழுந்து நிற்க முடியாமல் படுக்கையில் கொண்டுவந்து விட்டுவிடும். "உங்களுக்கும் இருக்கிறதாலே நான் இரண்டாவதைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கு" என்றார்.

தங்கை நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கும்; அவள் புத்தியில் ஒரு குறையும் கிடையாது.

"என்னாண்டேர்ந்து வரலேன்னா, அவ படுத்துக்க மாட்டா. அப்டித்தானே?" என்றார் நைனா.

"ஆமாம்."

நைனா எழுந்தார். செருப்பை ஏற்கெனவே வெளியே விட்டிருந்தார். அந்த அறையில் சிவப்புத் தரை, ஓரமாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. கோட்டின்மேல் காலை வைத்தார். குதிகாலுக்கு முன்னால் விரல், விரலுக்கு முன்னால் குதிகால் என்று, ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பினார். அதே கோட்டில் அதே மாதிரி வந்து சேர்ந்தார். அவர் உடம்பில் ஒரு அசைவு இல்லை. அந்த மாதிரி நேராக ஒரு மனுஷன் நடந்து நான் பார்த்ததில்லை.

"போதுமா டாக்டர்? என் காலு ஆடல. நான்தான் ஆட்டினேன்."

  தெருமுனையில் ஊதிய ஊதல்கள், கைவிட்டுப் போன சாரங்கு வேலை, அம்மாவின் ஏச்சு, நான் எதிர்வாடையில் தள்ளி நடந்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஆப்பக்கடை அத்தை விளையாட்டாகச் சொன்ன ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு, மகளுக்குக் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, இத்தனை வருஷம் இந்த மனுஷன் தெருவில் ஆடிக்கொண்டு நடந்திருக்கிறார். எங்களில் ஒருவரிடம்கூடச் சொல்லவில்லை.

"நல்ல செய்திதான்" என்றார் டாக்டர். உண்மையிலேயே நல்ல செய்திதான். அதற்காக நான் அவருக்குக் கை கூப்பினேன்.

வெளியே வந்தோம். ரோட்டைத் தாண்டியதும் நைனா வழக்கம்போலத் தங்கையின் கையைப் பிடித்தார். பிடித்ததும் அவர் கால் தானாக அகன்றது. உடம்பு ஆட ஆரம்பித்தது. தங்கை நின்றுவிட்டாள்.

"போதும் நைனா. நேரா நட."

"அது... காலு பயகிப் போச்சிம்மா."

"எனக்குத் தெரியும். ஆயுத பூசைக்குப் பலகைமேல தோள்ல தூக்கிக்கினு போவியே, அப்பவே தெரியும். தோள்ல குந்திக்கினு போறவளுக்குத் தெரியாதா? துளிகூட ஆட மாட்ட."

"அப்ப ஏன்டி கேக்கல?" என்றேன் நான்.

"கேட்டா வுட்டுடுவாரே" என்றாள். அந்த வார்த்தையை அவள் இழுத்து இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு நைனாவைப் பார்த்து, "உன்னப் போலீஸ்ல புடிக்கறாங்க. அம்மா திட்டுது. வாணாம் நைனா. எனக்குத்தான் ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரே. நீ நேரா நட" என்றாள். அவர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் கேட்டு அவர் மறுத்தது எதுவுமில்லை. இதையும் மறுக்கவில்லை. எங்கள் தெரு வரும்போது நைனா முன்னால் போனார், நேராக, தலையைக் குனிந்துகொண்டு. தங்கை பின்னால் ஆடியபடி வந்தாள். நான் கடைசியில் வந்தேன். அத்தை அடுப்பை விட்டு நிமிர்ந்து நைனாவைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதுவரை அந்தத் தெருவில் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"பொண்ணுக்கு ஒடம்புக்கு இன்னாம்மா?"

"பொறந்ததுலேர்ந்தே இப்டித்தான் அத்தே" என்றாள் தங்கை.

"பாவம்" என்றாள் அத்தை. நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்று முதல் தெருவில் அதுவே பேச்சாகிவிட்டது. பிள்ளைகள் சின்ன சுக்கானி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவள் வந்தால் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சாயங்காலங்களில் அவள் கடற்கரைக்குப் போவதும் நின்றது. டாக்டர் சொன்னது அப்படியே பலித்தது. அவளுக்கு எதுவும் முற்றவில்லை, படுக்கையில் விழவில்லை, எனக்கு நரைத்த பிறகும் அவள் தன் காலால்தான் நடந்தாள். அதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். ஆனால் என் கையில் இருந்த அத்தனை சாயத்தாலும் அந்தக் குழந்தைகள் கூப்பிட்ட பெயரைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லையே என்கிற வருத்தம் எனக்குப் போகவே இல்லை.

அடுத்து இழுவைப் படகில் இடம் காலியானபோது கம்பெனியில் நைனாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அவர் ஆசைப்பட்ட அதே சாரங்கு வேலை. கம்பெனித் துரையே தோளில் தட்டி, எல்லோர் முன்னாலும் மாலை போட்டுப் பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து மாலையை ஆணியில் மாட்டினார். எதற்குப் பாராட்டு என்று அம்மா கேட்டாள்.

"குடிய உட்டுட்டேனாம்."

அம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. "குடிச்சாத்தானே உடறதுக்கு? நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன் சொல்லல? வாயில கொயுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?"

நைனா தங்கை உள்ளே இருக்கிறாளா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஆடினது ஏன்னு சொன்னா, அவளப் பத்தித்தானே சொல்லணும்" என்றார்.